பல்லைப் படிப்பது எப்படி: புத்தகமா, மெழுகா, நிஜப் பல்லா, திரையா?

வாய்நல அறிவியல் முதலாண்டில் சேர்ந்து மூன்று வாரம் ஆனதும் மாணவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "புத்தகம் தலையணை மாதிரி இருக்கு. வகுப்புல மெழுகுக் கட்டியைக் கொடுத்துச் செதுக்கச் சொல்றாங்க. சீனியர் ஒருத்தர் பல் நிறைஞ்ச பாட்டில் தரேங்கிறார். இன்னொருத்தர் செயலி ஒண்ணை வாங்கச் சொல்றார். எல்லாத்துக்கும் நேரம் இல்ல. எதைப் பிடிச்சுக்கட்டும்?"

இது நியாயமான கேள்வி. பல் மருத்துவம், வாய்ச் சுகாதாரப் பணி, பல் தொழில்நுட்பம் என்று எந்தப் பட்டத்துக்குப் போனாலும் முதலாண்டு அடித்தளம் ஏறக்குறைய ஒன்றுதான். பற்களின் வடிவம், பல் உருவாகும் விதம், நுண்ணோக்கியில் தெரியும் திசுக்கள், வாய் நுண்ணுயிர்கள், சொத்தை, ஈறு நோய், தடுப்பு. இவை அனைத்தையும் ஒரே வழியில் படிக்க முடியாது. ஆனால் பலர் ஏதாவது ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். பருவத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அது பொருந்தவில்லை என்று தெரிய வருகிறது. அதனால் நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

## முதலில் அளவுகோல்

"நான் கண்ணால் பார்த்துப் படிக்கும் ரகம், எனக்குப் படங்கள்தான் ஒத்துவரும்" என்று சொல்லித் தேர்வு செய்வதை முதலில் விட்டுவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பப் படித்தால்தான் ஏறும் என்ற நம்பிக்கையை ஹெரால்ட் பாஷ்லரும் மேலும் மூன்று உளவியல் அறிஞர்களும் 2008-ல் அலசிப் பார்த்தார்கள். அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்டது. உங்கள் ரகம் எதுவாக இருந்தாலும் கோரைப்பல்லின் வேரைத் தொட்டு அறிந்துதான் ஆக வேண்டும். சொத்தை ஏன் வருகிறது என்பதை வார்த்தையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் பார்க்கும் முதல் அளவுகோல், பாடம் எந்த வகை அறிவைக் கேட்கிறது என்பது. அடையாளம் காண்பது ஒன்று: மேசையில் எண் போட்ட பற்களை வரிசையாக வைத்து, இது எந்தப் பல், வலதா இடதா என்று ஓரிரு நிமிடத்தில் எழுதச் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வு. காரணம் சொல்வது இன்னொன்று: பல்லின் கடினமான மேலுறையான எனாமல் ஏன் மீண்டும் வளராது, ஈறு ஏன் வீங்குகிறது. கையால் செய்வது மூன்றாவது.

இரண்டாவது, தவறு செய்தால் அது தவறு என்று யார் சொல்வார்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்வார்கள்.

மூன்றாவது, படித்தது நாள் கடந்தும் நிற்கிறதா. உளவியல் அறிஞர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு முதலாண்டு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். வாசிக்கும்போது "எல்லாம் தெரிகிறது" என்று தோன்றுவது அந்த 5 நிமிடத் தெளிவுதான்.

நான்காவது, நிஜ வாய்க்கு எவ்வளவு நெருக்கம். கடைசியாக, விலைப்பட்டியலில் வராத செலவு: நேரம், சுகாதார ஆபத்து, தவறாகப் படிந்துவிடும் பழக்கம்.

## புத்தகமும் வகுப்புக் குறிப்பும்

காரணம் சொல்லும் பாடங்களுக்குப் புத்தகத்தை மிஞ்ச எதுவும் இல்லை. பல் உருவாவதை எடுத்துக்கொள்ளுங்கள். கருவின் ஏறக்குறைய 6-ஆம் வாரத்தில் வாயின் மேல்தோல் தடித்து உள்நோக்கி வளர்கிறது. மொட்டு, தொப்பி, மணி என்று நிலைகள் வருகின்றன. உள் எனாமல் மேல்தோல் தூண்ட, பக்கத்துத் திசுவின் செல்கள் ஓடோன்டோபிளாஸ்ட்களாகி முதலில் டென்டினை, அதாவது எனாமலுக்கு அடியில் இருக்கும் கடினத் திசுவை, இடுகின்றன. அந்த டென்டின் வந்த பிறகுதான் மேல்தோல் பக்கத்துச் செல்களான அமிலோபிளாஸ்ட்கள் எனாமலை இடத் தொடங்குகின்றன. பல் முளைத்து வெளியே வரும்போது அமிலோபிளாஸ்ட்கள் அழிந்துபோகின்றன. எனாமல் போனால் புதிதாக வளராது என்பதற்கும், டென்டின் மட்டும் வாழ்நாள் முழுக்க உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் என்பதற்கும் காரணம் இந்த ஒரே சங்கிலிதான். அதை அறுபடாமல் சொல்ல எழுத்தால் முடிகிறது. சுழலும் படத்தால் முடிவதில்லை.

ஈறு நோயும் அப்படியே. 1965-ல் ஹரால்ட் லோவும் உடன் பணியாற்றியவர்களும் ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறழற்சி வந்தது. மீண்டும் துலக்க ஆரம்பித்ததும் சரியானது. பல்லில் ஒட்டிப் படியும் நுண்ணுயிர்ப் படலமான பற்படலம்தான் காரணம் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்துக்குப் பின்னால் இப்படி ஒரு சோதனை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு ஈறு நோயை விளக்கும் மாணவர், மனப்பாட வரியை ஒப்பிக்கும் மாணவரிடமிருந்து முதல் வாக்கியத்திலேயே வேறுபட்டுத் தெரிவார்.

புத்தகத்தின் பலவீனம், அது உங்களைத் திருத்தாது என்பது. நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டாலும் பக்கம் அமைதியாகத்தான் இருக்கும். மேல் வலதையும் மேல் இடதையும் மாற்றிப் புரிந்துகொண்டு ஒரு பருவம் முழுக்க ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறைந்த செலவு ஒன்று உண்டு, குறிப்பாகப் பழைய பதிப்பு வாங்குபவர்களுக்கு. பற்களின் வடிவம் மாறாது. அந்த அத்தியாயங்களுக்கு இருபது வருடப் பழைய புத்தகமும் நல்ல புத்தகமே. ஆனால் ஈறு நோய் வகைப்பாடு மாறிவிட்டது. 1999-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் நாள்பட்டது, தீவிரமாகப் பரவுவது என்று பெரியோடோன்டைட்டிஸ், அதாவது பல்லைத் தாங்கும் எலும்புவரை போகும் ஈறு நோய், தனித்தனியாகப் பிரிந்திருந்தது. 2017-ல் நடந்த உலகக் கருத்தரங்கின் முடிவுகள் 2018-ல் வெளியாகி, அந்தப் பிரிவினை நீங்கி, I முதல் IV வரை நிலைகளும் ஏ, பி, சி என்ற தரங்களும் வந்தன. பழைய புத்தகத்தை முழுசாக நம்பியவர் தேர்வில் பழைய பெயரை எழுதுவார், அவ்வளவு உழைப்பும் வீணாகும். வடிவத்துக்குப் பழையது போதும், நோய்க்குப் புதியது வேண்டும் என்று பிரித்து வாங்கினால் பணமும் மிஞ்சும்.

## வரைவதும் மெழுகில் செதுக்குவதும்

மாணவர்கள் அதிகம் வெறுப்பதும், நான் அதிகம் பரிந்துரைப்பதும் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வரைவது என்றால் புத்தகத்தைப் பார்த்து வரைவது அல்ல. அது கைக்கு வேலை, மூளைக்கு ஓய்வு. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பல்லின் ஐந்து பக்கங்களையும் வரையுங்கள். உதட்டுப் பக்கம், நாக்குப் பக்கம், மீசியல் எனப்படும் நடுக்கோட்டைப் பார்த்த பக்கம், டிஸ்டல் எனப்படும் அதற்கு எதிர்ப்பக்கம், கடிக்கும் பக்கம். பிறகு திறந்து, சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். அந்தச் சிவப்புக் கோடுகள்தான் உங்கள் பாடத்திட்டம்.

ஒரு உதாரணம். மேல் நடு வெட்டுப்பல்லை வரையச் சொன்னால் ஏறக்குறைய எல்லோரும் கழுத்துக்கோட்டை, அதாவது எனாமலும் வேரும் சந்திக்கும் கோட்டை, இருபக்கமும் ஒரே வளைவில் போடுவார்கள். உண்மையில் மீசியல் பக்கத்தில் அந்த வளைவு சுமார் 3.5 மில்லிமீட்டர் எழும். டிஸ்டல் பக்கத்தில் சுமார் 2.5 மட்டுமே. இதைப் பத்து முறை வாசித்திருந்தாலும் கண் கடந்து போய்விடும். ஒரு முறை தப்பாக வரைந்து திருத்திய பிறகு மறக்கவே மறக்காது. ஸ்பாட்டரில் பல் வலதா இடதா என்று தடுமாறும்போது இந்த ஒரு மில்லிமீட்டர்தான் கைகொடுக்கும்.

மெழுகு இதற்கு ஒரு படி மேலே. வரையும்போது பின்பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தப்பித்துவிடலாம், மெழுகில் முடியாது. மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லைச் செதுக்கிப் பாருங்கள். கன்னப் பக்க முகட்டின், அதாவது கடிக்கும் பக்கத்தில் கூர்மையாக எழும் மேட்டின், இரண்டு சரிவுகளில் மீசியல் சரிவுதான் நீளம். இது மற்ற பற்களின் வழக்கத்துக்கு நேர்மாறு. மீசியல் பக்கத்தில் கழுத்தருகே ஒரு குழிவு உண்டு, அது வேர்வரை இறங்கும். மீசியல் விளிம்பு மேட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பள்ளக்கோடு போகும். இந்த மூன்றையும் மெழுகில் சரியாகக் கொண்டுவந்தவருக்கு, பக்கத்தில் இருக்கும் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லோடு அது குழம்பாது.

செதுக்குவதில் திருத்தம் உடனே கிடைக்கிறது. அளவுகோலை வைத்தால் போதும். மேல் நடு வெட்டுப்பல்லின் மகுடம், அதாவது எனாமல் மூடிய மேல்பகுதி, சராசரியாக 10.5 மில்லிமீட்டர் உயரம், 8.5 அகலம், வேர் 13. மெழுகு அந்த எண்ணுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் அளவு சரியாக இருந்து வடிவம் தப்பாக இருந்தால் அதைப் பழகிய கண் ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக அறையில் உட்கார்ந்து பத்துப் பல் செதுக்குவதைவிட, மூன்று செதுக்கி மூன்றையும் ஆசிரியரிடம் காட்டுவது பலன் தரும்.

மறைந்த செலவு நேரம்தான், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் முதல் கடைவாய்ப்பல்லுக்கு ஒரு முழு மாலைப்பொழுது போனது, அப்போதும் முகடுகள் ஐந்தும் ஒரே உயரத்தில் நின்றன. ஐந்தாவது, ஆறாவது பல்லிலிருந்துதான் வேகம் வரும். இன்னொரு பொறி, பளபளப்பு. வடிவம் சரியில்லாத பல்லைத் துணியால் தேய்த்து மெருகேற்றி மனதைத் தேற்றிக்கொள்பவர்கள் உண்டு. மெருகு கடைசி ஐந்து நிமிட வேலை. உள்ளங்கைச் சூட்டில் மெழுகு இளகி முனைகள் மழுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரே மூச்சில் மணிக்கணக்காகப் பிடித்திருக்க வேண்டாம்.

அப்புறம், பல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை மெழுகு சொல்லாது. நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழின் அறையோ திசுவோ நோயோ அதில் இல்லை. பல் தொழில்நுட்பப் பக்கம் போகிறவர்களுக்கு இது உயிர்நாடி. மற்றவர்களுக்கு வாரத்தில் ஒரு பல் செதுக்கினால் போதும், வரைவதை மட்டும் தினமும் விடக்கூடாது.

## நிஜப் பல்

பிடுங்கிய பல்லை முதல்முறை கையில் எடுக்கும்போது எல்லோரும் சொல்வது, "இவ்வளவு சின்னதா?" என்பதுதான். படத்தில் உள்ளங்கை அளவு பார்த்துப் பழகிய கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் அகலம் நிஜத்தில் சுமார் 11 மில்லிமீட்டர். அந்த அதிர்ச்சியே ஒரு பாடம்.

நிஜப் பல்லின் பெரிய பலம் வேறுபாடு. புத்தகத்தில் மேல் முதல் கடைவாய்ப்பல்லின் மீசியல் அண்ணப் பக்க முகட்டில் கராபெல்லி முகடு என்னும் கூடுதல் சிறு முகடு அழகாக நிற்கும். நிஜத்தில் சிலவற்றில் பெரிதாகவும், சிலவற்றில் ஒரு கீறல் போலவும் இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. வேர்முனை பெரும்பாலும் டிஸ்டல் பக்கம் வளையும், ஆனால் எப்போதும் அல்ல. ஒரே ஒரு அடையாளத்தை நம்பி விடை எழுதக்கூடாது, மூன்று அடையாளங்களாவது ஒத்துப்போக வேண்டும் என்ற நிதானம் இங்கேதான் வருகிறது.

வாய்ச் சுகாதாரப் பணிக்குப் படிப்பவர்களுக்கு இன்னொரு முக்கிய காரணம் உண்டு. நாளை ஈறுக்குக் கீழே கருவியை நுழைத்து வேரைச் சுத்தம் செய்யும்போது கண் பயன்படாது, விரல்தான் பார்க்கும். சுத்திகரித்த பல்லைக் கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆய்வு முள்ளை வேரின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லின் மீசியல் குழிவில் முள் இறங்கி ஏறுவது தெரியும். பற்படலம் ஒளிந்துகொள்ளும் இடம் அது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் இரண்டு வேரும் பிரியும் இடத்தை முள்முனையால் தேடிக் கண்டுபிடியுங்கள். இந்த உணர்வை மெழுகோ திரையோ தராது.

இப்போது செலவுகள். இந்த வழியில்தான் மறைந்த செலவு அதிகம், அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, தொற்று. பிடுங்கிய பல் ரத்தமும் திசுவும் ஒட்டிய மனித உடற்பகுதி. கழுவிவிட்டால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். படிப்புக்குப் பயன்படுத்தும் பல்லை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவியில், 121 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வைப்பது ஏற்கப்பட்ட முறை. ஆனால் அமால்கம், அதாவது பாதரசக் கலவை, அடைத்த பல்லை அப்படிச் சூடாக்கவே கூடாது. பாதரச ஆவி கிளம்பும். அவற்றை 10 சதவீத ஃபார்மலின் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைப்பார்கள். இரண்டுமே ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியவை, விடுதி அறையில் அல்ல. சீனியர் தரும் பாட்டிலில் எது எப்படிச் சுத்தமானது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். இதில் சங்கடப்பட எதுவும் இல்லை.

இரண்டாவது, அனுமதி. அந்தப் பல் ஒருவருடையது. அவருடைய சம்மதத்தோடும், உங்கள் நிறுவனத்தின் விதிப்படியும் வந்ததா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, காய்ந்த பல். இது என் சொந்த அனுபவம். படிக்கும் காலத்தில் எனக்குக் கிடைத்த பற்களை ஈரத்தில் வைக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். காய்ந்து எனாமலில் நுண்ணிய விரிசல்கள் விழுந்தன. அதில் ஒன்றை இயற்கையான பள்ளக்கோடு என்று நினைத்து, படம் வரைந்து, பெயரும் எழுதிப் படித்தேன். பல வாரம் கழித்து ஆசிரியர் வேறொரு பல்லை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தபோதுதான் புரிந்தது. தப்பாகப் படித்ததை அழிக்கப் புதிதாகப் படிப்பதைவிட அதிக நாள் ஆனது.

நான்காவது, பலர் யோசிக்காதது: பிடுங்கிய பற்கள் எல்லாப் பற்களுக்கும் மாதிரி அல்ல. ஆரோக்கியமான பல்லை யாரும் சும்மா பிடுங்குவதில்லை. பாட்டிலில் அதிகம் இருப்பவை ஞானப்பற்களும், பல் வரிசையைச் சீராக்க எடுத்த முன்கடைவாய்ப்பற்களும், சொத்தையில் உடைந்த கடைவாய்ப்பற்களும். கோரைப்பல் அரிதாகவே கிடைக்கும். ஞானப்பல்லோ வடிவத்தில் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதது, அதைப் பார்த்துக் கடைவாய்ப்பல்லைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். வயதானவர்களின் வெட்டுப்பற்கள் தேய்ந்திருக்கும். புதிதாக முளைத்த வெட்டுப்பல்லின் விளிம்பில் தெரியும் மூன்று சிறு மேடுகளை அவற்றில் தேடினால் கிடைக்காது.

ஆகவே நிஜப் பல் இரண்டாவது படி. சராசரி வடிவம் மனதில் பதிந்த பிறகு இதற்கு வந்தால் ஒவ்வொரு பல்லும் ஏதாவது சொல்லும்.

## திரை: முப்பரிமாணச் செயலி, நினைவட்டை, மெய்நிகர் நுண்ணோக்கி

மூன்றையும் ஒரே கட்டில் போடுவது சரியில்லை, ஆனால் மாணவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

முப்பரிமாணச் செயலி முதல் அறிமுகத்துக்கு அருமை. எந்தப் பக்கம் எது என்று திசை பிடிபடுவதற்கு, பல்லைச் சுழற்றிப் பார்க்கும் அந்த அரைமணி நேரம் பெரிய உதவி. அதற்கு மேல் பலன் சட்டென்று குறையும். சுழற்றுவது விரல், உழைப்பது செயலி. பார்த்தால் தெரியும், மூடினால் தெரியாது. அளவும் மறைந்துபோகிறது. எல்லாப் பல்லும் திரை முழுக்க நிற்கும்போது, கீழ் நடு வெட்டுப்பல்தான் நிலைப்பற்களில் ஆகச் சிறியது என்பது உறைப்பதில்லை.

இன்னொரு ஆபத்து எண்கள். செயலி எந்த எண்முறையில் இருக்கிறது என்று வாங்கும் முன் பாருங்கள். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் எஃப்டிஐ முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். 1 முதல் 32 வரை எண்ணிக்கொண்டே போகும் யுனிவர்சல் முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். வகுப்பில் ஒன்று, செயலியில் இன்னொன்று என்று ஓட்டினால் தேர்வில் மட்டுமல்ல, நாளை நோயாளியின் பதிவேட்டிலும் தப்பு வரும்.

நினைவட்டைகள் வேறு கதை. இடைவெளி விட்டு விட்டுக் கேள்வி கேட்கும் செயலி, நினைவிலிருந்து எடுக்கவைக்கிறது. முளைக்கும் வயது, எண்கள், நுண்ணுயிர்ப் பெயர்கள் போன்றவற்றுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் பல்லின் படத்தை அட்டையாக்கும்போது கவனம் வேண்டும். ஒரே படத்தை நாற்பது முறை பார்த்தால் மூளை பல்லைக் கற்காது. அந்தப் படத்தின் நிழலையும் மூலையில் உள்ள கறையையும் கற்றுக்கொள்ளும். ஒரு பல்லுக்கு ஐந்தாறு வெவ்வேறு படங்களாவது போடுங்கள். அடுத்தவர் செய்த அட்டைக் கட்டைத் தரவிறக்கிப் பயன்படுத்துவதைவிட நீங்களே செய்வது நல்லது, செய்யும் நேரமும் படிப்புதான்.

திசுவியலுக்கு மெய்நிகர் நுண்ணோக்கி உண்மையிலேயே நல்ல மாற்று. பெரிதாக்கலாம், நண்பரோடு ஒரே இடத்தைப் பார்த்துப் பேசலாம். ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். மெல்லியதாக வெட்டுவதற்காகப் பல்லை அமிலத்தில் ஊறவைத்துக் கனிமத்தை நீக்கினால் எனாமல் கரைந்துபோய், அது இருந்த இடம் வெறுமையாகத் தெரியும். பற்கூழும் செல்களும் மட்டும் நன்றாக இருக்கும். பல்லை அப்படியே தேய்த்து மெலிதாக்கிய சில்லில் எனாமலின் கோடுகள் தெரியும், மென்திசு போயிருக்கும். திரையில் எது எந்த வகைச் சில்லு என்று தெரியாமல் பார்ப்பவர், வெள்ளையாக இருக்கும் இடத்துக்கு எல்லாம் எனாமல் என்று பெயர் வைப்பார்.

மறைந்த செலவு, சந்தா. பருவம் முடிந்ததும் செயலி பூட்டிக்கொண்டால் அதில் எழுதிய குறிப்புகளும் போகும். குறிப்புகளை வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | புத்தகம், குறிப்பு | வரைதல், மெழுகு | நிஜப் பல் | திரை |
|---|---|---|---|---|
| அடையாளம் காண்பது | சுமார் | மிக நன்று | மிக நன்று, சராசரி வடிவம் தெரிந்த பிறகு | அறிமுகத்துக்கு நன்று |
| காரணம் சொல்வது | மிக நன்று | குறைவு | குறைவு | சுமார் |
| கைப்பழக்கம் | இல்லை | மிக நன்று | விரலுணர்வுக்கு மிக நன்று | இல்லை |
| தவறு உடனே தெரியுமா | தெரியாது | அளவில் தெரியும், வடிவத்துக்கு ஆசிரியர் வேண்டும் | கூட ஒருவர் இருந்தால் | நினைவட்டையில் தெரியும் |
| நாள்பட நிற்பது | மூடிவிட்டு எழுதினால் | நன்கு நிற்கும் | நன்கு நிற்கும் | நினைவட்டை நிற்கும், சுழற்றிப் பார்த்தது நிற்காது |
| மறைந்த செலவு | பழைய வகைப்பாடு | நேரம் | தொற்று, அனுமதி, கோணலான மாதிரி | சந்தா, எண்முறைக் குழப்பம் |

## எந்த நிலையில் எது

பருவம் இப்போதுதான் தொடங்குகிறது என்றால்: அரைமணி நேரம் திரையில் சுழற்றிப் பாருங்கள், அன்றே புத்தகத்தை மூடி வரையத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பல் போதும். நிலைப்பற்கள் 32 என்றாலும் வலது இடது ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதால் வரைய வேண்டியவை 16 தான். பால்பற்கள் 20-க்கு அதே கணக்கில் 10. ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

வடிவம் நன்றாக வருகிறது, ஆனால் எழுத்துத் தேர்வில் மதிப்பெண் குறைகிறது என்றால்: மெழுகைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். புத்தகத்தில் ஒரு காரணச் சங்கிலியை எடுத்து, மூடிவிட்டு, வெற்றுத் தாளில் எழுதுங்கள். சொத்தையில் ஆரம்பிக்கலாம். ஆய்வாளர் ஸ்டெஃபான் 1940-களில் காட்டிய வளைகோட்டை நினைவிலிருந்து வரையுங்கள்: இனிப்பு வாயில் பட்டதும் பற்படலத்தின் பிஹெச் சில நிமிடங்களில் சரிகிறது (பிஹெச் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்), எனாமலுக்கு ஆபத்தான எல்லையாகச் சொல்லப்படும் 5.5-க்குக் கீழே போகிறது, உமிழ்நீர் மெல்ல மெல்ல மேலே கொண்டுவருகிறது. இப்போது ஒரு மணி நேரத்தில் மூன்று முறை இனிப்புச் சாப்பிடுபவரின் கோட்டை அதே தாளில் போடுங்கள். இனிப்பின் அளவைவிட எத்தனை முறை என்பது ஏன் முக்கியம் என்பதற்கு நீங்கள் எழுதப்போகும் விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

மெழுகுக்கும் கருவிக்கும் செயலிக்கும் செலவு செய்ய முடியவில்லை என்றால்: நூலகப் புத்தகம், பென்சில், வெற்றுத் தாள். இதோடு ஒரு நண்பர். அவர் பல்லைத் துணிப்பைக்குள் போட்டுத் தரட்டும், துறையின் பிளாஸ்டிக் மாதிரிப் பல் போதும். நீங்கள் பார்க்காமல் தடவிப் பார்த்து, எந்தப் பல், எந்தப் பக்கம், ஏன் என்று மூன்று காரணத்தோடு சொல்லுங்கள். தப்பானால் அவர் உடனே சொல்வார். புத்தகத்துக்கு இல்லாத அந்தத் திருத்தம் இதில் கிடைக்கிறது.

நிஜப் பல் எங்கேயும் கிடைக்கவில்லை என்றால்: முதலாண்டில் அது குறையே அல்ல. துறை ஆய்வுக்கூடத்தில் சுத்திகரித்து வைத்த பற்களைப் பார்க்க வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். விடுதியில் சொந்தமாக ஒரு பாட்டில் வைத்திருப்பதைவிட அது பாதுகாப்பு, தெரியாததைக் கேட்கப் பக்கத்தில் ஆளும் இருப்பார்.

ஸ்பாட்டருக்கு இரண்டே வாரம் இருக்கிறது, எதுவும் படிக்கவில்லை என்றால்: செதுக்க வேண்டாம், நேரம் போதாது. குழம்பும் ஜோடிகளை மட்டும் எடுங்கள். மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லும் இரண்டாவதும். மேல் நடு வெட்டுப்பல்லும் பக்க வெட்டுப்பல்லும். மேல் கோரையும் கீழ்க் கோரையும். மேல் முதல் கடைவாய்ப்பல்லும் இரண்டாவதும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நினைவிலிருந்து வரைந்து, வேறுபாடு மூன்று எழுதி, ஆய்வுக்கூடத்தில் மாதிரிப் பல்லோடு சரிபாருங்கள். மறுநாள் காலை அதே ஜோடியை வெற்றுத் தாளில் திரும்ப வரையுங்கள். சிவப்புக் கோடு விழாத ஜோடியை ஒதுக்கிவிட்டு, விழுந்ததை மட்டும் அதற்கடுத்த நாளும் எடுங்கள்.

கீழ் நடு வெட்டுப்பல்லைக் கடைசிக்கு வையுங்கள். அதன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் வலதா இடதா என்று சொல்வது பழகியவர்களுக்கே கடினம். அதில் நேரத்தைக் கொட்டி, நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய மற்றவற்றை இழக்க வேண்டாம்.